கார்டில் மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர்

டெல்பினுடைய விசிட்டிங் கார்டில் ‘சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று பொன்னிற எழுத்தில் அச்சாகியிருந்தது. அச்சடித்த சிவகாசிக்காரர்களைத் தவிர வேறு யாரும் அதை நம்பவில்லை. குறிப்பாக அவளுடைய கம்ப்யூட்டர் நம்பவில்லை.

தூத்துக்குடி பீச் ரோட்டில், துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் புழுதி நேராக ஜன்னலுக்குள் வந்து இறங்கும் ஒரு மாடியில் முத்துச்செல்வம் அண்ணாச்சியின் கிளியரிங் ஏஜென்சி இருக்கிறது. ஏற்றுமதிக்காரர்களுக்காகச் சுங்கத்துறையில் விண்ணப்பம் போட்டு, அனுமதி வாங்கி, கண்டெய்னரைக் கப்பலேற்றிவிடும் வேலை. உப்பு, முருங்கைப் பொடி, தேங்காய் நார், வெள்ளைக்காரர்கள் ஜாடியில் போட்டு மோந்து பார்ப்பதற்கான காய்ந்த பூ என்று எதுவும் போகும். எல்லாம் இப்போது இணையத்தில்தான். அதற்காக அங்கே பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். அவற்றைக் கட்டி மேய்ப்பது டெல்பின் பொறுப்பு. மேய்க்கலாம், கயிற்றை அவிழ்க்க மட்டும் அவளுக்கு உரிமை கிடையாது.

கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு மென்பொருளைப் போட வேண்டுமென்றாலும், இருக்கிற ஒன்றை மாற்ற வேண்டுமென்றாலும் ‘நிர்வாகி’ உரிமை உள்ள ஒருவர் தன் பாஸ்வேர்டை அடித்து அனுமதி தர வேண்டும். அந்த அலுவலகத்தில் அந்த உரிமை உள்ளவர் ஒரே ஒருவர்தான். அது அவருக்கு வந்த கதை இது. முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, விற்றவன் கேட்டிருக்கிறான்.

“அண்ணாச்சி, இதுல அட்மினிஸ்ட்ரேட்டர்னு ஒருத்தரப் போடணும். யாரப் போடட்டும்?”

“அவருக்கு என்ன வேல?”

“வேலன்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா எல்லா அதிகாரமும் அவருக்குத்தான்.”

அண்ணாச்சி அலுவலகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பெரிதாக வேலை ஒன்றும் இல்லாமல் எல்லா அதிகாரமும் உள்ள ஆள் அங்கே ஒருவர்தான் இருந்தார். “எம் பேரப் போடுலே” என்றார்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. சாத்தான்குளத்திலிருந்து வந்து, ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பார்சல் தூக்கித் தொடங்கி, இந்த மாடி வரைக்கும் ஏறி வந்தவர். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பாரபட்சம் பார்க்காமல் போனஸ் தருவார். ஏ.சி.யை மட்டும் தன் அறைக்குள் வைத்துக்கொள்வார். பாஸ்வேர்டையும்.

அந்தப் பாஸ்வேர்டுக்கு ஒரு பூஜையே நடந்துகொண்டிருந்தது. சுங்க விண்ணப்பமான ஷிப்பிங் பில்லை அடிக்கிற பானுப்ரியாவின் கம்ப்யூட்டர் பழசு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் அதன் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பாக இருந்தால் எந்த இணையதளமும் திறக்காது. தேதியைத் திருத்தவோ நிர்வாகியின் அனுமதி வேண்டும். ஆகையால் அண்ணாச்சி தினமும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு வந்து, பானுப்ரியாவை எழுந்து நிற்கச் சொல்லி, மற்றவர்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பச் சொல்லி, ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடிப்பார். அதற்குப் பிறகுதான் அந்த அலுவலகத்தில் அன்றைய தேதி பிறக்கும்.

டெல்பின் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே செத்துக் கிடந்த பொத்தான் பேட்டரியை மாற்றினாள். மறுநாள் தேதி தானாகவே சரியாக இருந்தது. ஊதுபத்தி வாசத்தோடு வந்த அண்ணாச்சி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்ப இனிமே நான் வேண்டாமோ?” என்றார். டெல்பின் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலமே எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் பாஸ்வேர்டு மாறிவிட்டது.

அனுமதி இல்லை என்பது டெல்பினுக்குப் புதிய விஷயம் இல்லை. கீழவைப்பாரில் பிறந்தவள். அப்பா ரோச்சுக்குச் சொந்தமாக ஃபைபர் வள்ளம் உண்டு. சிறுமியாக இருந்தபோது ஒருநாள் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். “பொட்டப்பிள்ள ஏறுனா மீனு படாது” என்று தூக்கி மணலில் விட்டுப் போனார்கள். அவளை ஏற்றாமல் போன அன்றைக்கும் மீன் படவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் அது திருமுகம் காட்டும். கல்லூரி விடுதியில் கேட்டைத் தாண்ட வார்டனின் அனுமதி வேண்டும். வார்டனைப் பார்க்க விடுதித் தலைவியின் அனுமதி வேண்டும். எனவே வேலைக்கு வந்த இடத்தில் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று திரை சொன்னபோது, பழைய சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்தது போல் இருந்தது அவளுக்கு.

அதுவும் திரை அப்படி நேராகச் சொன்னால் புண்ணியம். பெரும்பாலும் சொல்லாது. பிரிண்டரைக் காணோம் என்று சொல்லும். ஃபைல் கெட்டுவிட்டது என்று சொல்லும். ‘எதிர்பாராத பிழை’ என்று கையை விரிக்கும். டெல்பின் வயரைப் பிடுங்கி மாட்டி, அணைத்துப் போட்டு, அழித்துவிட்டு மறுபடி ஏற்றி, வைரஸைத் திட்டி, நெட்டைத் திட்டி, கடைசியில் பார்த்தால் நோய் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: அண்ணாச்சி வெளியே போயிருக்கிறார்.

ஒருமுறை தைரியமாகக் கேட்டுப் பார்த்தாள். “அண்ணாச்சி, எனக்கும் அந்த அட்மின் உரிமை குடுத்துட்டியன்னா, ஒங்களத் தொந்தரவு செய்ய வேண்டாம்லா?”

“ஒரு கடையில ரெண்டு பேரு கல்லாவுல இருக்க முடியுமா பிள்ள?” என்றார் அண்ணாச்சி.

பூட்டை உடைக்கிற வித்தை அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பென்டிரைவ் போதும். ஆனால் அவள் நாற்காலிக்கு நேர் மேலே ஒரு கேமரா இருந்தது. அது பார்ப்பதெல்லாம் பதிவாகி அண்ணாச்சியின் செல்போனில் தெரியும். அந்தக் கேமராவை மாட்டிக் கொடுத்ததும் டெல்பின்தான்.

அவளால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. ஒரு சனிக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்துப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தாள். பாஸ்வேர்டை எழுதி வைக்காதீர்கள். போனில் சொல்லாதீர்கள். முதலாளியே கேட்டாலும் கொடுக்காதீர்கள். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அவளுக்கு அப்படி ஒரு மாணவர் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. அண்ணாச்சி ஆண்டுதோறும் மனைவி சீனித்தாயோடு திருச்செந்தூர் போய், கோயில் வளாகத்திலேயே தங்கி விரதம் இருப்பார். செல்போனை வீட்டுப் பீரோவில் பூட்டிவிடுவார். இந்த முறை, மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததற்காக, மௌன விரதமும் சேர்ந்துகொண்டது. ஆறு நாளும் வாய் திறக்கமாட்டார்.

கிளம்புகிற அன்று டெல்பின் வாசல் வரைக்கும் போனாள். “அண்ணாச்சி, இடையில ஏதும் அவசரம்னா?”

“எல்லாம் முருகன் பாத்துக்கிடுவான்.”

“முருகனுக்குப் பாஸ்வேர்டு தெரியுமா அண்ணாச்சி?” என்று பானுப்ரியா உள்ளேயிருந்து கேட்டாள். அண்ணாச்சி கேட்காதது போல் காரில் ஏறினார்.

இரண்டு நாள் ஒழுங்காகத்தான் போனது. அதற்கடுத்த காலையில், காய்ந்த பூ ஏற்றிய கண்டெய்னருக்கு ஷிப்பிங் பில் போட பானுப்ரியா உட்கார்ந்தாள். அதில் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து ஒரு பென்டிரைவ் மாதிரியான டோக்கனுக்குள் இருக்கிறது. செருகினாள். திரையில் ‘டோக்கன் கிடைக்கவில்லை’ என்று வந்தது.

“அக்கா, கண்ணு முன்னால இருக்கு. கெடைக்கலங்குது.”

டெல்பின் வந்தாள். டோக்கனைக் கழற்றி ஊதினாள். வேறு துளையில் செருகினாள். வேறு கம்ப்யூட்டரில் செருகினாள். கடைசியில் தன்னுடைய கம்ப்யூட்டரிலேயே செருகினாள். ஆன்டிவைரஸை நிறுத்தப் பார்த்தாள்; அதற்கும் அனுமதி இல்லை. டோக்கன்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, காலை முழுவதும் அந்தப் பாவப்பட்ட துண்டு பிளாஸ்டிக்கைத் திட்டினாள். துறைமுகத்திலிருந்து தனராஜ் போன்மேல் போன் போட்டான். சரக்கோடு அங்கே நின்று வேலை முடிப்பவன் அவன். “சாயங்காலம் ஹார்பர் கேட்ட மூடிருவான். கப்பலு நமக்காவ நிக்காது. லாரிக்காரன் என்னய அடிக்க வாரான்.”

வேறு வழியில்லாமல் டெல்பின் டோக்கன் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். சென்னையிலிருந்து ஒரு பையன் பேசினான்.

“புது வெர்ஷன் வந்திருக்கு மேடம். பழசு இனிமே டோக்கனைப் படிக்காது. டவுன்லோட் பண்ணி, ரைட் கிளிக் பண்ணி, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க.”

“பாஸ்வேர்டு கேக்குது.”

“உங்க அட்மினைக் கூப்பிடுங்க மேடம்.”

“அட்மின் விரதத்துல இருக்காவ.”

“விரதம்ங்கிறது எந்த டிபார்ட்மென்ட் மேடம்?”

போனை வைத்துவிட்டு டெல்பின் திரையைப் பார்த்தாள். ‘இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்.’ பானுப்ரியா அதை ஒருமுறை சத்தமாக வாசித்தாள். மேசையில் இருந்த விசிட்டிங் கார்டையும் வாசித்தாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லாததே பெரிய மரியாதை.

பக்கத்து ஏஜென்சியில் போய்ச் செய்யலாம் என்றால், போட்டிக்காரர் படியில் கால் வைத்தது தெரிந்தால் அண்ணாச்சி விரதத்தை முறித்துக்கொண்டு பேசிவிடுவார். டெல்பின் சீனித்தாயின் போனுக்கு அடித்தாள். நல்லவேளை, அந்தப் போன் பீரோவில் பூட்டப்படவில்லை.

“இவிய காதுல வச்சேன் பிள்ள” என்றாள் சீனித்தாய். “நீ சொன்னதக் கேட்டாவ. இப்பம் கைய கைய ஆட்டுதாவ. எனக்கு ஒரு எழவும் வெளங்கல. நேருல வந்துரு.”

டெல்பின் தன் கம்ப்யூட்டரில் தன் கணக்கைத் திறந்தபடியே விட்டு, பானுப்ரியாவைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். ‘உங்கள் கணக்கை ஒருபோதும் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்’ என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் பிடித்தாள்.

திருச்செந்தூரில் மணல் தெரியாத கூட்டம். கடற்கரைப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் பாய்விரித்து வரிசையாக விரதக்காரர்கள். பச்சை வேட்டியும் நெற்றி நிறைய திருநீறுமாக அண்ணாச்சி கண்மூடி உட்கார்ந்திருந்தார். சீனித்தாய் இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவையோடு வந்து நின்ற டெல்பினுக்கு யாரோ கேட்காமலே திருநீறு நீட்டினார்கள். வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு எந்தப் பக்கத்து உதவியையும் மறுக்கிற நிலையில் அவள் இல்லை.

விஷயத்தைச் சொன்னாள். அண்ணாச்சி தலையாட்டினார். பேனாவும் துண்டுக் காகிதமும் நீட்டினாள். “எழுதித் தாங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி ஆள்காட்டி விரலை இடமும் வலமும் ஆட்டினார். பிறகு அதே விரலால் டெல்பினைச் சுட்டிக்காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுதக் கூடாது. நீதானே சொன்னாய்?

போனை நீட்டினாள், அதில் அடித்துத் தரச்சொல்லி. விரதக்காலத்தில் போனைத் தொடமாட்டேன் என்று கையை இழுத்துக்கொண்டார். கடைசியில், மனம் இரங்கி, சைகையில் சொல்ல ஒப்புக்கொண்டார்.

முதலில் வலது கையைச் சீனித்தாய் பக்கமாக நீட்டினார்.

“என்னயத் தள்ளி இருக்கச் சொல்லுதாவ” என்று அவள் நகர்ந்துகொண்டாள்.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் அவளைக் காட்டினார்.

“பசிக்குதுங்காவ. பானகம் கேக்காவ.”

இதற்குள் பக்கத்துப் பாய்க்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பட்டினிக்கு நல்ல பொழுதுபோக்கு. “வேலு!” என்றார் ஒருவர். “மயிலு!” “சேவக்கொடி!” “ஓம் முருகா! அதாத்தான் இருக்கும்!” ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி இல்லை இல்லை என்று தலையாட்டி, விடாமல் மனைவியையே காட்டினார். கண்ணில் கெஞ்சல் வந்துவிட்டது.

டெல்பினுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. “அண்ணாச்சி, அக்கா பேரா?”

அண்ணாச்சி கையை இறக்கினார். பாயின் ஓரத்தைப் பிய்த்தபடி, ஆமாம் என்று தலையை அசைத்தார்.

சீனித்தாய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து “ஏளா” என்பதைத் தவிர வேறு பெயரில் அவர் அவளைக் கூப்பிட்டதில்லை. அலுவலகத்தில் எல்லோரையும் சுவரைப் பார்த்துத் திரும்பச் சொல்லிவிட்டு அடித்தது அவள் பெயரை என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. “எம் பேராளா?” என்று டெல்பினிடம்தான் கேட்டாள், அவரிடம் கேட்கவில்லை.

அண்ணாச்சி அடுத்து மூன்று விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. “பேரும், பொறவு ஒண்ணு ரெண்டு மூணும்!” என்று கொட்டகை முழுக்க ஒரே குரலில் அறிவித்தது. ஒரு கிளியரிங் ஏஜென்சியின் தலையாய ரகசியம் வள்ளியூரிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் வந்திருந்த பக்தர்கள் அனைவருக்கும் மனப்பாடம் ஆனது.

டெல்பின் போனில் சொன்னாள். பானுப்ரியா அடித்தாள். “தப்புங்குது அக்கா.”

“எஸ் தானக்கா மொத எழுத்து?” என்று டெல்பின் சீனித்தாயிடம் கேட்டாள்.

“ஆதாருல எஸ்ஸுதான் இருக்கு.”

அண்ணாச்சி மணலில் விரலால் வளைவாக ஒரு கோடு போட்டு, உடனே அழித்தார். இங்கிலீஷ் ‘சி’.

சீனித்தாயின் முகத்தில் அதுவரை இருந்த வெட்கம் போய்விட்டது. “எம் பேர ஆசையா வச்சாவளாம். அதையும் தப்பா எழுதியா வச்சாவ?”

இந்த முறை பாஸ்வேர்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மென்பொருள் ஏறியது. டெல்பின் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் பானுப்ரியாவின் குரல் வந்தது. “போட்டாச்சுங்குது அக்கா. ஆனா மறுபடியும் டோக்கனக் காணோம்ங்குது. போட்டதையும் காணோம்.”

டெல்பின் கண்ணை மூடி யோசித்தாள். அண்ணாச்சியின் பெயரில் அனுமதி வாங்கியதால், மென்பொருள் அண்ணாச்சியின் கணக்குக்குள்ளேயே போய்க் குடியேறிவிட்டது. டெல்பினின் கணக்கால் அதைப் பார்க்க முடியாது. ஒழுங்கான வழி ஒன்றுதான். டெல்பினின் கணக்கையும் நிர்வாகியாக மாற்றிவிட்டு, அதிலிருந்தே மறுபடி போட வேண்டும். பாஸ்வேர்டு கைக்கு வந்துவிட்ட பிறகு அது சில சொடுக்குகள்தான். அவள் கேட்காமலேகூடச் செய்திருக்கலாம். ஆனால் எதிரில் அவர் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, எங் கணக்கையும் அட்மின் ஆக்குனாத்தான் இது நடக்கும். ஆக்கிரட்டுமா?”

அண்ணாச்சியின் கண் விரிந்தது. தலையை வேகவேகமாக ஆட்டினார். இரண்டு கைகளையும் குறுக்கே வீசினார். அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

டெல்பின் சீனித்தாயைப் பார்த்தாள். சீனித்தாய் கணவரை நிதானமாகப் பார்த்தாள்.

“சரிங்காவ” என்றாள்.

“அக்கா, வேண்டாம்ங்காவ மாதிரில்லா இருக்கு?”

“நான் இவியகூட எத்தன வருசமாக் குடும்பம் நடத்துதேன்? எனக்குத் தெரியாதா? தலைய ஆட்டுதாவல்லா, சரிங்காவ. நீ செய்யி பிள்ள.”

அண்ணாச்சி வாயைத் திறந்தார். சந்நிதிப் பக்கம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

பானுப்ரியா மாற்றினாள். பிறகு சொன்னாள்: “கணக்க மூடித் தொறந்தாத்தான் அட்மின் ஆவுமாம் அக்கா. மூடிட்டேன். இப்பம் ஒங்க பாஸ்வேர்டு கேக்குது.”

தன்னுடைய பாஸ்வேர்டு இப்படி வெளிச்சத்துக்கு வரும் என்று டெல்பின் கனவிலும் நினைத்திருக்கவில்லை. சம்பளம் உயர்த்தாத ஒரு மாதத்தில் ஆத்திரத்தில் வைத்தது. போனை எடுத்துக்கொண்டு கடலோரமாகத் தள்ளிப் போனாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“கேக்கல அக்கா. ஒரே அலச் சத்தம்.”

மறுபடியும் சொன்னாள்.

“சத்தமாச் சொல்லுங்க அக்கா. தனராஜண்ணன் இன்னொரு லைன்ல அழுதாவ.”

டெல்பின் வானத்தைப் பார்த்தாள். “கஞ்ச அண்ணாச்சி!” என்று கத்தினாள். “கஞ்ச அண்ணாச்சி! இங்கிலீஷ்ல! எல்லாம் சின்ன எழுத்து!”

அந்த நேரம் பார்த்து அலை ஓய்ந்திருந்தது. கொட்டகையில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் முத்துச்செல்வம் அண்ணாச்சியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இந்த முறை டோக்கன் கிடைத்தது. கேட் மூடுவதற்குச் சற்று முன் கண்டெய்னர் உள்ளே போனது. டெல்பின் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு கிளம்பினாள். அவர் கண்மூடி ஜெபத்தில் இருந்தார். அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார்.

மிச்ச நாட்களும் அவளுக்குப் பொழுது நல்லபடியாகப் போகவில்லை. அவள் கணவன் ஃபிராங்க்ளின் சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கும் மோட்டார்மேன். சிங்கப்பூர் பக்கம் எங்கோ இருந்து வாட்ஸ்அப்பில் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“அவரு வேலைய விட்டுத் தூக்கிருவாரோ?” என்றாள் டெல்பின்.

“எப்படித் தூக்குவாரு? ஒன் கணக்க அழிக்கணும்னா அட்மின் உரிமை வேணும்லா? அது எப்படின்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பம் அழிச்சுத் தரச்சொல்லி ஒன்னயத்தான் கூப்புடணும்.”

இது ஆறுதலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சஷ்டி முடிந்து அண்ணாச்சி வந்தார். எல்லோருக்கும் திருநீறும் சில்லுக்கருப்பட்டியும் கொடுத்தார். டெல்பினை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஏ.சி. குளிரில் அவள் நின்றாள். விரதம் முடிந்த பிறகும் அவர் கதவைச் சாத்தச் சொல்லி விரலால்தான் காட்டினார்.

“கே-யும் சின்ன எழுத்துதானா?” என்றார் கடைசியில்.

“ஆமா அண்ணாச்சி.”

“ம். பெரிய எழுத்துல போடுத அளவுக்குக் கஞ்சன் இல்லைன்னு வச்சுக்கிடுதேன்.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். “இப்பம் அங்கன ரெண்டு அட்மினு இருக்கோம். யாரு பெரிய அட்மினு?”

டெல்பின் வருகிற வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். “அண்ணாச்சி, பெரிய பெரிய கம்பெனியிலல்லாம் முதலாளிமாரு அட்மின் உரிமை வச்சிக்கிட மாட்டாவ.”

“ஏன்? பிடுங்கிருவானுவளா?”

“அது கதவு தொறந்து வுடுத வேல அண்ணாச்சி. பிரிண்டர் போடணும்னா வந்து தொறக்கணும், தேதி மாத்தணும்னா வந்து தொறக்கணும். கிட்டத்தட்ட வாச்மேன் உத்தியோகம். இத்தன நாளா நீங்க நின்னு பாத்தியள்லா, யாராவது மாட்டேன்னு சொன்னமா? எங்களுக்கு நல்லாத்தான இருந்துச்சு.”

அது பொய் இல்லை. பெரிய நிறுவனங்களில் முதலாளிக்கு அந்த உரிமை தருவதில்லைதான். அவர் தெரியாமல் எதையாவது அமுக்கிக் கெடுத்துவிடுவார் என்கிற பயத்தில். அந்தக் காரணத்தை மட்டும் டெல்பின் சொல்லவில்லை.

அண்ணாச்சி அன்று மதியம் தன் ஆடிட்டருக்குப் போன் போட்டு விசாரித்தார். ஆடிட்டர், ஆமாம், நானும் வைத்துக்கொள்வதில்லை, அலுவலகத்துப் பையன்தான் பார்க்கிறான் என்றார். மறுமுனையில் வேறு என்ன சொன்னாரோ, அண்ணாச்சி வெளியே வந்தபோது, பல வருடமாக வாசலில் நின்று மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட மனிதனின் அவமானம் அவர் முகத்தில் இருந்தது. “ஏளா டெல்பினு, அந்த எழவ என்கிட்ட இருந்து எடுத்துரு. முதல்ல எடு.”

எடுத்தாள். அவர் கணக்கை எல்லோருடையதையும் போல் சாதாரணக் கணக்காக்கி, அதற்கு ‘சேர்மன்’ என்று பெயர் வைத்தாள். அண்ணாச்சி அதைப் போட்டோ எடுத்து மருமகனுக்கு அனுப்பினார். டெல்பினின் சம்பளம் அந்த வருடமும் ஏறவில்லை.

கொஞ்ச நாள் கழித்து சீனித்தாய் அலுவலகத்துக்கு வந்தாள். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கணவரின் அறைக்குப் போகாமல் நேரே டெல்பினிடம் வந்து உட்கார்ந்தாள். “எம் பேர அடிக்கும்போது அந்த டிவியில எப்படித் தெரியும்னு பாக்கணும் பிள்ள.”

பழைய பாஸ்வேர்டு ‘சேர்மன்’ கணக்குக்கு இன்னும் இருந்தது. எழுத்தை மட்டும் ஆதாரில் இருப்பது போல் திருத்திவிடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. டெல்பின் அடித்துக் காட்டினாள். திரையில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன.

“எங்கன எம் பேரு?”

“அதுதான் அக்கா. வெளியே தெரியாது. புள்ளியாத்தான் காட்டும்.”

சீனித்தாய் அந்தப் புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்பம் வீட்டுல மாதிரித்தான்” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து பானுப்ரியாவுக்கு நீட்டினாள்.

இப்போது டெல்பின்தான் நிர்வாகி. அதிகாரம் அவளை நல்லவளாக ஆக்கிவிட்டது என்று யாராவது நினைத்தால், தனராஜிடம் கேட்டுப் பார்க்கலாம். கிரிக்கெட் பார்க்க ஒரு சாப்ட்வேர் போட்டுத் தரச்சொல்லி அவன் இன்றுவரை கெஞ்சிக்கொண்டிருக்கிறான். பானுப்ரியா கல்யாண போட்டோவுக்கு முகம் வெளுப்பாக்கும் மென்பொருள் கேட்டாள், கிடைக்கவில்லை. “எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு” என்று டெல்பின் சொல்கிறாள். அது என்ன காரணம் என்று மட்டும் சொல்வதில்லை.

ஆனால் திருச்செந்தூர் விவகாரம் பீச் ரோடு முழுக்கப் பரவியதில் ஒரு நன்மை உண்டு. கம்ப்யூட்டர் தகராறு செய்தால் பக்கத்து ஏஜென்சிக்காரர்களும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம்கூட ஒரு பெண் பதறிப்போய்ப் பேசினாள். பிரிண்டரைக் காணோம் என்று வருகிறதாம். வயரை மாற்றிப் பார்த்தாயிற்றாம், ஃபார்மட்டே அடித்துவிடலாமா என்றானாம் அவர்கள் ஆபீஸ் பையன்.

“ஒண்ணும் அடிக்காதீங்க” என்றாள் டெல்பின். “முதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஒங்க முதலாளி ஊருல இருக்காவளா?”

“இருக்காவ மேடம்.”

“வாய் தொறந்து பேசுவாவளா?”

“பேசுவாவ. ஏன் மேடம்?”

“அப்பம் சின்னப் பிரச்சினைதான். போனை அவிய கையில குடுங்க.”